பீலியை மட்டும் சரியாக வரைந்தேன்

பகல் இரண்டு மணி. வெளியே கொளுத்தும் வெயில் றப்பர் மரங்களுக்குள் வந்ததும் பொட்டுப் பொட்டாகச் சிதறிவிடுகிறது. நான் பாதை வளைவில், பீலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலில் சவர்க்காரம் பூசியிருக்கிறேன். அது காய்ந்து தோலை இழுக்கிறது.

எனக்குப் பின்னால், இருபது அடி கீழே, சித்தி குளிக்கிறாள்.

பார்க்காமலே எல்லாம் தெரியும். வாளியைக் கல்லில் வைக்கும் சத்தம். பீலித் தண்ணீர் வெறும் பாறையில் விழுந்தால் ஒரு சத்தம், ஆள்மேல் விழுந்தால் வேறொரு சத்தம். தலையில் விழும்போது அமுங்கும். தோளில் விழும்போது சிதறும்.

என் வேலை மூன்று. பாதையைப் பார்த்தபடி நிற்பது. யாராவது வந்தால் குரல் கொடுப்பது. திரும்பிப் பார்க்காமல் இருப்பது. மூன்றாவதைச் சித்தி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பினேன்.

சித்தி வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து திரும்பியதாக எழுதலாம். இந்த அத்தியாயத்தை முதல் தடவை எழுதியபோது அப்படித்தான் எழுதினேன். அது பொய். பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன்.

குரல் கொடுத்து வருவது

பீலி என்றால் தெரியாதவர்களுக்காக: மலையில் கசிகிற ஊற்றைத் தகரத்திலோ மூங்கிலிலோ பிடித்து, ஆள் உயரத்திலிருந்து கொட்டவிடுவது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, குழாய்த் தண்ணீர் வந்து பல வருடமாகிறது. அது குடிக்கவும் சமைக்கவும். குளிப்பது இன்னும் பீலியில்தான். காலையெல்லாம் றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள்மேல் ஒரு புளித்த நாற்றம் இருக்கும். வாளியில் மொண்டு ஊற்றினால் அது போகாது. தண்ணீர் கொட்ட வேண்டும், அதன் கீழே நிற்க வேண்டும்.

பீலிக்கு ஒரே ஒரு சட்டம். வளைவுக்கு வருமுன் குரல் கொடுக்க வேண்டும். ஆணோ பெண்ணோ, "வாறோம்" என்றால் போதும். குளிக்கிறவர்கள் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிய குறுக்குக்கட்டைச் சரிசெய்துகொண்டு "வா" என்பார்கள். இல்லாவிட்டால் "இரு" என்பார்கள். "இரு" என்றால் தோட்டத்தை நடத்தும் துரையாக இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும்.

முன்பொரு முறை, புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர் இது தெரியாமல் வளைவு தாண்டி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் காம்பரா மேரியக்கா ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர்மேல் வீசிவிட்டு, "மாத்தயா, தெமுனாத?" என்று கேட்டாளாம். ஐயா நனைந்துவிட்டீர்களா என்று சிங்களத்தில் மிகுந்த மரியாதையோடு ஒரு விசாரிப்பு. அதற்குப் பிறகு அந்தத் துரை பாதி மலையிலேயே குரல் கொடுக்கத் தொடங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட பீலி அது.

என் அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. அம்மாவின் தங்கையான இந்தச் சித்திதான் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தன் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, நான்தான் மகள். சித்தப்பா தெரணியகலை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். நான் படித்ததும் வேலைக்குப் போனதும் அந்த ஒற்றை அறைக் காம்பராவிலிருந்துதான்.

சில வருடங்களுக்கு முன், கொழும்பில் சித்திக்கு ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். லயத்தில் நாங்கள் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று. கர்ப்பப்பை எடுத்தவர்கள் எங்கள் லயத்திலேயே நாலைந்து பேர் உண்டு. அதனால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். மேல் லயத்தில் ஒருத்திக்கு முன்பே இந்த நோய் வந்திருந்தது. அவள் செத்ததைவிட, அதற்கு முன் நடந்ததுதான் சித்திக்குப் பயம். முதலில் அவள் ஊற்றிய தேத்தண்ணியை யாரும் குடிக்கவில்லை. பிறகு மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அரிசி புடைக்கப் போனபோது, ஒருத்தி அவள் கையிலிருந்த சுளகை மெல்ல வாங்கிக்கொண்டாள். "நீங்க ஒக்காருங்கக்கா" என்று அன்பாகத்தான் சொன்னாளாம். அவள் போய் உட்கார்ந்தாள். பிறகு அவள் கோயிலுக்கு வரவேயில்லை.

அந்தச் சுளகை வாங்கியவள் என் சித்தி. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே நான் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, அவளே இதை எனக்குச் சொன்னாள்.

பஞ்சும் பழைய துணியும் வைத்துத் தைத்த உள்சட்டையோடு சித்தி மறுபடி பால் வெட்டப் போனாள். ஆனால் நனைந்த குறுக்குக்கட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அது எதையும் மறைக்காது. ஆகவே வார நாட்களில் சமையல் மூலையில் வாளிக் குளியல். இரத்தினபுரியில் வேலை பார்க்கும் நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததும், லயம் முழுக்கச் சோறு தின்று கண்ணயரும் அந்த இரண்டு மணிக்கு, பீலி. வாரத்தில் ஒரு நாள்தான் அவளுக்கு அந்தத் தண்ணீர். அதற்குக் காவல் நான்.

ஏழு தாள்கள்

இரத்தினபுரியில் நான் படவரைஞராகச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கிராமத்துத் தண்ணீர்த் திட்டங்களுக்கு நிலப்படம் வரைவது, குழாய் எங்கே போகிறது, எங்கே வளைகிறது என்று குறிப்பது. அந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்தது சமவுயரக் கோடு. ஒரே உயரத்திலுள்ள இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைப்பது. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு. விலகியிருந்தால் சமதரை. ஒரு மலையையே வெறும் கோடுகளால் தாளில் படுக்க வைத்துவிடலாம்.

அந்தக் கோடுகளால் ஓர் உடம்பை வரைந்தால் என்ன என்று தோன்றியது. தோள் ஒரு மேடு. முதுகு ஒரு பள்ளத்தாக்கு. மேலே தண்ணீர் விழுகிறது, அது போகும் வழியெல்லாம் கோடு.

நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு எனக்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது.

ஒரு தடவை திரும்பியதோடு நான் நிறுத்தவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் முந்திய முறையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். சித்தி பாறையைப் பார்த்து நிற்பாள், சில வேளை பக்கவாட்டில் சாய்வாள். ஒரு தோளை உயர்த்துவாள், இறக்குவாள். தலையைக் குனிந்து தன்னையே பார்ப்பாள். தோள்கள் குலுங்கும். அழுகிறாள் என்று முடிவுகட்டினேன். யாரும் பார்க்காத இடத்தில், தண்ணீருக்குள் ஒளிந்து அழுகிறாள். பேருந்தில் இரத்தினபுரி போகும் வழியெல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டு, அறைக்குப் போனதும் மையில் வரைந்தேன்.

ஏழு தாள்கள். ஏழாவதில் மட்டும் முன்பக்கம், அவள் பக்கவாட்டில் சாய்ந்தபோது கண்டதை வைத்து. இடது மார்பு இருந்த இடம் சமதரை. தொழில் விதிப்படி அங்கே கோடுகள் விலகியிருக்க வேண்டும். நான் அங்கேதான் கோடுகளை நெருக்கினேன், மயிரிழை இடைவெளி விட்டு. துயரம் அங்கேதானே இருக்கும்.

கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சி நடந்தது. தண்ணீர், உடல், மனம் என்பது பொருள். அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். அனுப்புமுன், யாருக்கும் ஆளைத் தெரியக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அழித்தேன். முகம். தோடு. கழுத்தில் கறுப்பு நூல். முதுகில் மச்சம். தலைமுடியைக் கட்டியிருந்த ஒட்டுப்பால் நாடா. பால் வெட்டும் பெண்கள் மரத்திலிருந்து உரித்தெடுத்து முடி கட்டுவது அது. எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம் போட்டு, தாளைச் சுருட்டினேன்.

பட்டியலில் பீலி இல்லை.

தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று காட்ட வேண்டுமே. அதன் வாயில் ஒரு நெளிவு உண்டு. அதைத் தாங்கும் கல்லில் ஓர் அடையாளம் உண்டு. குழாயைப் பிழையாக வரைய என் கைக்குப் பழக்கமில்லை. நெளிவை நெளிவாகவே வரைந்தேன். ஏழு தாளிலும்.

கண்காட்சியில் ஏழாவது தாளுக்கு முன்னால்தான் ஆட்கள் நின்றார்கள். அமைப்பாளர் அந்த நெருங்கிய கோடுகளின் மேல் விரலை ஓட்டிக் காட்டி, வலி இங்கே எவ்வளவு அடர்ந்து ஓடுகிறது பாருங்கள் என்று வந்தவர்களிடம் சொன்னார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது யார் என்று என்னிடம் கேட்டார்.

யாருமில்லை, கற்பனை என்றேன்.

அந்தத் தாளைப் படமெடுத்து முகநூலில் போடலாமா என்று அமைப்பாளர் கேட்டபோது, போடுங்கள் என்று சொன்னவளும் நான்தான். அனுமதி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை.

பதினான்கு முட்டை

மேரியக்காவின் மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவள் கண்ணில் அது பட்டது. லயத்து வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள். அன்று பின்னேரம் மேரியக்கா எனக்கு அழைத்தாள்.

"ஏ புள்ள, கொழும்புல நம்ம பீலிய மாட்டி வச்சிருக்காங்களாமே" என்று தொடங்கியவளின் குரலில் முதலில் பெருமைதான் இருந்தது. எல்லோரும் சந்தோசமாகத்தான் பார்த்தார்களாம். நெளிவைப் பார்த்துச் சிரித்தார்களாம். கல்லைப் பார்த்தார்களாம். 

"அப்புறந்தான் அந்தப் பொம்பளயப் பாத்தாங்க" என்றாள்.

கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு யார் குளிக்கிறாள், வளைவில் யார் நிற்கிறாள் என்று லயத்துக்கே தெரியும். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள் யார் என்பதும் தெரியும்.

அடுத்த நாளே கொழும்புக்குப் போய் ஏழு தாள்களையும் இறக்கி, குழலில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தெரணியகலையில் சித்தப்பா த்ரீவீலோடு நின்றார். வழக்கமாக அவர் வாய் ஓயாது. அன்று லயம் வரைக்கும் ஹோர்ன் மட்டும்தான் பேசியது. இறங்கும்போது, "உள்ள போ. சாப்பிட்டியான்னு அவ கேட்டா, இல்லன்னு சொல்லு. சமைக்கிற வேலையாவது இருக்கட்டும் அவளுக்கு" என்றார்.

சமையல் மூலையில் சிமெந்துத் தரை நனைந்திருந்தது. வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சித்தி தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஆனால் அந்தப் புளித்த நாற்றம் போயிருக்கவில்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பலகைமேல் ஒரு சட்டியில் முட்டைகள் இருந்தன.

"பதினாலு" என்றாள் சித்தி. "ஆளாளுக்குக் கொண்டாந்து குடுக்குறாங்க. நான் என்ன அடைகாக்கவா போறேன்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். வழியெல்லாம் வேறு பலதும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். 

"அத வச்சு இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

பிறகு, அரிசியில் கல் பொறுக்கியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, இனி என்ன ஒளிவு என்று புதன்கிழமை மற்றவர்களோடு பீலிக்குப் போயிருக்கிறாள். எல்லோரும் இடம் விட்டார்கள். வாங்க என்றார்கள். கல்லில் சித்தியின் வாளிக்குப் பக்கத்தில் இருந்த வாளியை, அதன் சொந்தக்காரி தூக்கி, சித்திமேல் பட்ட தண்ணீர் அதில் படாதபடி மேற்பக்கமாக வைத்தாள்.

"யாருன்னு கேக்காத. ஒண்ணுஞ் சொல்லல அவ. மெதுவாத்தான் தூக்கி வச்சா. நான் சொளக வாங்கினேன்ல, அதே மாதிரி."

அதன் பிறகு சித்தி பீலிக்குப் போகவில்லை.

தண்ணீர் போன இடம்

சாப்பிட்ட பிறகு, "கொண்டா பாப்போம்" என்றாள். போனில் பார்த்தது சின்னதாக இருந்ததாம். தாள்களைத் தரையில் விரித்து, மூலைக்கு ஒரு முட்டையை வைக்கப் போனேன். "ஒடஞ்சிரும்" என்று கல்லெடுத்துக் கொடுத்தாள்.

ஆறு தாள்களையும் சும்மா பார்த்தாள். ஏழாவதின் முன் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த எடத்துல ஏன் இம்புட்டுக் கோடு?"

வலி என்றேன். அங்கே தண்ணீர் விழும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் போட்டது என்றேன்.

"அங்க எனக்கு ஒண்ணுமே தெரியாது புள்ள" என்றாள் சித்தி. "மரத்துப் போச்சு. வெட்டுனதுலேர்ந்து அப்படித்தான். தண்ணி தோள்ல விழுறது தெரியும். இங்க வரைக்கும் வர்றது தெரியும்." சட்டைக்கு மேலால் விரலை வைத்துக் காட்டினாள். "இதுக்கப்புறம் காணோம். எங்க போகுதுன்னே தெரியாது. திரும்ப இங்க, விலாவுலதான் சில்லுன்னு வரும். தோளச் சாச்சா வேற எடத்துல வரும். எங்க வரும்னு பாத்துக்கிட்டே நிப்பேன். சில நேரம் சிரிப்பு வந்துரும்."

நான் மூலையில் நகர்ந்திருந்த கல்லைச் சரிசெய்தேன்.

"ஞாயித்துக்கெழம அந்த வெளையாட்டுக்குத்தான் போறது. நீ என்னமோ சாவு வீடு மாதிரி வரஞ்சு வச்சிருக்கிற."

குலுங்கியது சிரிப்பு. நான்கு வாரம் திருட்டுத்தனமாகப் பார்த்தும், நான் பார்த்தது அதுவல்ல. கோடுகள் விலகியிருக்க வேண்டிய இடம் அது. தொழில் விதியை மட்டும் பின்பற்றியிருந்தால்கூட அந்தத் தாள் உண்மையாக இருந்திருக்கும். கொழும்பில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 

ஏழாவது தாளைச் சித்தி சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள். "என் ஒடம்பு, எங்கிட்ட இருக்கட்டும்." மற்ற ஆறும் அன்று மாலைத் தேத்தண்ணிக்கு அடுப்பில் போயின. நான்தான் ஊதினேன்.

திரும்பி நிற்பது

அதன் பிறகு லயத்தில் நடந்ததில் எனக்குப் பங்கில்லை. மேரியக்கா ஒருநாள் சித்தியைக் கையைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துப்போய், எல்லோரும் பார்க்கச் சித்தியின் வாளித் தண்ணீரை மொண்டு வாய் கொப்பளித்தாளாம். "காறித் துப்புறதுக்கு ஏன் நல்ல தண்ணிய எடுக்குற" என்று சித்தி திட்டினாளாம். மேலே போன வாளி சில நாளில் கீழே வந்துவிட்டது. முழுதாக வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வேறு விதி. விடுமுறைக்கு ஊரில் நிற்கும் மற்ற நாட்களில் நான் பீலிக்குப் போய்க் குரல் கொடுத்தால், "இரு" என்கிறார்கள். பிறகு மேரியக்காவின் குரல் வரும். "கையக் காட்டு. பேனா இருக்கா?" இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சித்தி சிரிக்கிறாளா என்று வளைவிலிருந்து தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்குச் சித்தி என்னைக் கூப்பிடவில்லை. பல வாரம் நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணியாகும், மூன்று மணியாகும். அவள் பாத்திரம் கழுவுவாள்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று அண்மையில்தான் கேட்டேன். இந்த முறை முதலில் கேட்டேன். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று விரலை மடக்கினாள். "என் பேரச் சொல்லாத. பீலி எப்படி இருக்கும்னு சொல்லாத. அழுதேன்னு எழுதாத." எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நெளிவு, கல் என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, என்ன நெளிவு, என்ன அடையாளம் என்று எழுதவில்லையே என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோறு தின்ற கையோடு, சித்தி வாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நான் எழுந்திருக்கவில்லை. பத்தடி போனவள் நின்று, "வாறியா, இல்ல மேரியக் கூப்பிடவா?" என்றாள்.

கணுக்காலில் சவர்க்காரம் பூசக்கூட நிற்காமல் பின்னால் ஓடினேன்.

வளைவில் என்னை நிறுத்திவிட்டு அவள் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்ததும் நின்றாள்.

"திரும்பி நின்னுக்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குகிறாள்.

"சரி சித்தி" என்கிறேன். முன்பெல்லாம் நான் அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.